காலைக் கஞ்சியை ஏளனம் செய்யலாமா?

ஞாயிறு முதல் திருப்பலிக்கு வந்து, அதன்பின் மறைக்கல்வி வகுப்பிலும் அமரும் சிறுவர் சிறுமியர் பலர், ஒன்பது மணிக்கும் மேலாக வெறும் வயிற்றுடன் வாடுவதை நம் பங்குகளில் காண்கிறோம். “நற்கருணை வாங்க வேண்டுமே!” என்பது அன்னையர் கூறும் காரணம். நள்ளிரவு முதல் உண்ணாதிருக்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கு 1957-ஆம் ஆண்டிலேயே மூன்று மணி நேரமாகத் தளர்த்தப்பட்டது. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதனை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. எனவே ஏழு மணித் திருப்பலிக்குச் செல்லும் பிள்ளை, ஆறு மணிக்கு ஒரு குவளைச் சுடுகஞ்சி பருகிச் செல்வதில் குற்றம் ஏதுமில்லை.

கஞ்சியா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. கஞ்சி என்றதும் நம்மவர் உள்ளத்தில் நோயாளியின் படுக்கையும், வறுமையும், பெரிய வெள்ளிக்கிழமையுமே தோன்றுகின்றன. கேழ்வரகும் கம்பும் வேறு வழியின்றி உண்டு வளர்ந்த பெற்றோர், தம் மக்களுக்கு மூன்று வேளையும் அரிசி உணவு படைக்க முடிந்தபோது பூரித்துப் போயினர். அப்பூரிப்பை நாம் குறை கூற மாட்டோம். ஆயினும் அரிசி வெண்மையாக வெண்மையாக, நாம் இழந்தது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தானியம் எதுவாயினும் அதில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே தவிட்டுப் படலம், உள்ளே மாவுப் பகுதி, ஓரத்தில் முளைக்கரு. நார்ச்சத்தும், இரும்பு முதலிய தாதுக்களும், ‘பி’ வகை உயிர்ச்சத்துகளும் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலுமே அடங்கியுள்ளன. ஆலையில் தீட்டும்போது அவை இரண்டும் நீங்கி, மாவுப் பகுதியே எஞ்சுகிறது. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீக்காத அரிசியால் அவை தேறியதையும் ஜாவாத் தீவில் கண்டறிந்த ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். அக்கோழிகளைப் போலவே மனிதரையும் வாட்டிய ‘பெரிபெரி’ நோயை ஆராய, நம் குன்னூரில் 1918-இல் மக்கரிசன் என்பவர் தொடங்கிய சிறு ஆய்வகமே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம். அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகு மிகச் சிறிய தானியம். அதன் தோல் மாவோடு இறுக ஒட்டியிருப்பதால், பெரும்பாலும் தோலுடனேயே அரைக்கப்படுகிறது. நம் பாட்டிமார் அறியாமலே அவர்களுக்குக் கிடைத்த நன்மை இது! கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். புரதமும் 11 கிராம் அளவில் உண்டு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகையால் நலிவதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தெரிவிக்கும்போது, இதை அற்பமாகக் கருதலாகாது.

எனினும் அட்டவணையிலுள்ள சத்து முழுவதும் உடலில் சேர்ந்துவிடும் என எண்ணிவிட வேண்டாம். தவிட்டிலுள்ள ‘ஃபைட்டிக்’ அமிலம் இரும்பையும் சுண்ணாம்பையும் பிணைத்துக்கொள்ளும். இதற்கு மாற்று, நம் பழைய அடுப்படியிலேயே இருக்கிறது. கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் முடிந்து ஓரிரு நாள் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்தால் அவ்வமிலம் பெருமளவு குறையும். கரைத்த மாவை இரவில் புளிக்கவிடுவதும் அத்தகையதே. கஞ்சியோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும். உடனே தேநீர் பருகினாலோ அப்பயன் குன்றும். கஞ்சி குடித்து ஒரு மணி நேரம் தேநீரை மறந்திருப்பது சிலருக்குக் கடுமையான ஒறுத்தல்தான்!

கேழ்வரகில் புரதம் 7 கிராம் அளவே உள்ளதால், வறுத்த பாசிப்பயறு நான்கில் ஒரு பங்கு சேர்த்து அரைப்பது நன்று. ஆளுக்கு 40 கிராம் மாவு போதும். குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிநீரில் ஊற்றிக் கைவிடாது கிளறி, பச்சை வாசனை நீங்கும்வரை வேகவிட்டு, பாலோ மோரோ சேர்க்கலாம். ஐம்பது பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ மாவு என்றால், மறைக்கல்வி நாளன்று ஓர் அன்பியம் இப்பொறுப்பை ஏற்பது அரிதன்று.

நீரிழிவு உள்ளவர்க்கு ஓர் எச்சரிக்கை. ‘கேழ்வரகு என்றால் எவ்வளவும் அருந்தலாம்’ என்பது தவறான நம்பிக்கை. மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். வெல்லமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவர்கள் கம்பையோ சாமையையோ குருணையாக உடைத்து, காய்கறியும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்துக் கெட்டியாகச் சமைத்து, அளவோடு உண்பதே தக்கது. சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

ஓட்ஸ் கஞ்சியைப் பற்றியும் சில இல்லத்தரசியர் கேட்கின்றனர். நல்ல தானியமே, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஒருவகை நார்ச்சத்து அதில் உண்டு. ஆனால் மசாலா சேர்த்து விற்கும் உடனடிப் பொட்டலங்களில் உப்பு மிகுதி. வாங்குவோர் உறையின் பின்புறத்தைப் படித்து வாங்குக.

கம்பு மாவை மட்டும் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டாம். அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் சில நாட்களிலேயே காறல் வாடை வீசும். அதை ஒருமுறை சுவைத்த குழந்தை பின் கம்பையே வெறுக்கும். தானியமாக வைத்திருந்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்க.