முகப்பருவும் கழுவு மருந்தும்



ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், கடலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முகமெங்கும் பருக்கள். ஒரு நாள் காலை, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, “தம்பி, நாளைக்கு முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வா” என்று அவனிடம் சொன்னேன். நல்லது சொல்வதாக எண்ணியே சொன்னேன். ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தேன். பீர்க்கங்காய் நாரும் துணி சோப்பும் கொண்டு தேய்த்ததில் கன்னங்கள் இரண்டும் புண்ணாகியிருந்தன. பருக்களோ அப்படியே இருந்தன. அன்று நான் கற்பித்த தவறான பாடத்தைத் திருத்தவே இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

முகப்பரு அழுக்கினால் வருவதன்று. நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பி உண்டு. பருவ வயதில் உடலில் நிகழும் மாற்றங்களால் அது மிகுதியாகச் சுரக்கிறது. உதிரவேண்டிய தோல் துகள்கள் அந்த எண்ணெயுடன் ஒட்டி வாயை அடைத்துக்கொள்கின்றன. பெருமாள் ஏரியின் மதகிலே செத்தை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கிக் கரையை அழுத்துகிறதல்லவா? அதுபோலவே எண்ணெய் உள்ளே தேங்குகிறது. அங்கு இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அடைப்பு உள்ளே இருக்க, மேல்தோலைத் தேய்ப்பதனால் யாது பயன்?

மருந்துக் கடைகளில் ‘ஃபேஸ் வாஷ்’ என்ற பெயரில் கிடைப்பவற்றுள் சில வெறும் சோப்புக்கு ஒப்பானவை. சில மருந்து கலந்தவை. மருந்து கலந்தவற்றில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு. ஒன்று சாலிசிலிக் அமிலம். இது பொதுவாக 2 விழுக்காடு வரை சேர்க்கப்படும். வாயை அடைத்த துகள்களைத் தளர்த்தும். மற்றொன்று பென்சாயில் பெராக்சைடு; இது 2.5 முதல் 10 விழுக்காடு வரையிலான அளவுகளில் வருகிறது, நுண்ணுயிர்களைக் கொல்லும். விழுக்காடு கூடினால் நலமும் கூடும் என்று எண்ண வேண்டா. எரிச்சலே கூடும். குறைந்த அளவிலிருந்து தொடங்குவதே முறை.

இனி, பயன்படுத்தும் விதத்தைக் கூறுகிறேன். முதல் மூன்று நாள்கள் முகத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் இட்டுப் பாருங்கள். தீங்கு ஒன்றும் இல்லையெனில், நாளுக்கு ஒரு முறை, பட்டாணி அளவு எடுத்து, ஈரமுகத்தில் விரல் நுனியால் மெல்லத் தடவி, உறையில் குறித்த நேரம் கழிந்ததும் சாதாரண நீரால் கழுவிவிடுங்கள். வெந்நீர் வேண்டா, நாரும் வேண்டா. கண்ணிலும் உதட்டிலும் படவிடாதீர்கள். பின்பு துணியால் ஒற்றியெடுங்கள். பென்சாயில் பெராக்சைடு வண்ணத்துணியை வெளுக்கச் செய்யும். ஆதலின் வெள்ளைத் துண்டே ஏற்றது. தோல் வறண்டு உரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மருந்தை வெயில் படும் சன்னலிலோ, சூடேறும் வண்டியிலோ வைக்கலாகாது. இமையும் உதடும் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, அக்கணமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இத்தகைய ஒவ்வாமை அரிதே. எனினும் அறிந்திருத்தல் நன்று.

எல்லாவற்றினும் அரிய மருந்து பொறுமை. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். நான்காம் நாளே கண்ணாடியைப் பார்த்துச் சலித்து, பற்பசையையும் எலுமிச்சைச் சாற்றையும் பூசும் பிள்ளைகள் பலர். அவை தோலைப் புண்ணாக்குமேயன்றிப் பருவைப் போக்கா. பருவைக் கிள்ளுவதும் வடுவுக்கே வழி.

முப்பது வயதைக் கடந்தவருக்கு வேறொரு நோய் பருவைப்போல் தோன்றக்கூடும். அதற்கு ரோசேசியா என்று பெயர். மூக்கும் கன்னமும் அடிக்கடி சிவந்து எரியும்; சிறு கொப்புளங்கள் எழும்; ஆனால் பருவில் காணும் கருமுனை இராது. கடும் வெயிலும், சூடான பானமும், காரமும், மதுவும் அதனைத் தூண்டும். மாநிறத்தோலில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. ஆதலால் நம்மவரிடம் இது கவனிக்கப்படாமலே போவதுண்டு. பருவுக்கான கழுவு மருந்து இவர்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலையே தரும். மென்மையான கழுவியும், வெயிலுக்குக் குடையும், மருத்துவர் அறிவுரையுமே இவர்களுக்கு உரியவை. கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால் நாள் கடத்தக் கூடாது.

இவை அனைத்தினும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. முகம் வெளுக்கும், பரு மறையும் என்று நம்பி, பீட்டாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டு களிம்புகளைத் தாமே வாங்கிப் பூசுகின்றனர். நம் நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முகத்தோல் நோயுடன் மருத்துவரிடம் வந்த 2,926 பேருள் 433 பேர் இத்தகைய களிம்பை முகத்தில் பூசிவந்தது தெரியவந்தது. முதற்சில நாள் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலியும். புதிய பருக்கள் கிளம்பும். ரோசேசியாவைப் போன்ற சிவப்பும் படரும். நிறுத்தினாலோ முன்னிலும் எரியும். அதற்கு அஞ்சி மீண்டும் பூசுவர். 2018-இல் மைய அரசு இவ்வகைக் களிம்புகள் பதினான்கினை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் கடை வாயிலோடு நின்றுவிடும். வீட்டினுள் காவல் பெற்றோருடையது. ஏற்கெனவே பூசிவருவோர் மருத்துவரை நாடி, அவர் சொல்லும் முறையில் விடுவதே நல்லது.

கட்டிபோன்ற ஆழ்ந்த பருக்கள், வடு விழுதல், இரண்டு மாதங்களாகியும் குறையாமை ஆகியவற்றைக் கண்டாலும், கருவுற்ற தாய்மார்க்குப் பரு வந்தாலும், தாமே மருந்து தேடாமல் தோல் மருத்துவரை அணுகுக. வடலூரைச் சுற்றியுள்ளோருக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டாத் தொலைவில் இல்லை.

பெற்றோர்க்கும் இன்றைய ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். பருவுள்ள பிள்ளையின் முகத்தைப் பலர் முன் சுட்டிப் பேசாதீர்கள். அப்பிள்ளை நாள்தோறும் கண்ணாடியில் அதனை நம்மினும் கூர்ந்து பார்க்கிறது. தனியே அழைத்து, “இது உன் குற்றமன்று, நாளாகும், குணமாகும்” என்று சொல்லுங்கள். அன்று அம்மாணவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே.