பட்டியலைப் பிடித்தால் புத்தகம் கிடைக்கும்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையோரம் இருக்கிறது கார்டன் ரீச். ஒரு பக்கம் கப்பல் கட்டும் தளம், இன்னொரு பக்கம் மெட்டியாபுருஸின் தையல் பட்டறைகள். இங்குள்ள சிப்தைனாபாத் இமாம்பாராவில்தான் அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷாவின் கல்லறை இருக்கிறது. 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டைப் பிடுங்கிக்கொண்டதும் இங்கே வந்து சேர்ந்தவர், 1887-இல் கண்மூடும்வரை ஒரு குட்டி லக்னோவையே நடத்திவந்தார். இசை, நடனம், மிருகக்காட்சிசாலை, தன் நூல்களை அச்சிடச் சொந்த அச்சகம் என்று எதற்கும் குறை வைக்கவில்லை. ஆனால் முன்னோர் சேர்த்துவைத்த பெரிய நூலகங்கள் லக்னோவிலேயே தங்கிவிட்டன.

அந்த நூலகங்களைப் பார்வையிட 1848-இல் கம்பெனி ஒருவரை அனுப்பியிருந்தது. பெயர் அலோய்ஸ் ஸ்பிரெங்கர். ஆஸ்திரியாக்காரர், மருத்துவம் படித்தவர், அரபியிலும் பாரசீகத்திலும் புலி. ஏறக்குறைய 10,000 தொகுதிகளை அவர் பார்த்தார். பீரங்கிக் கிடங்கில் இருந்த நூல்களுக்கு அலமாரி கிடையாது. ஒட்டகத்தின் முதுகில் ஏற்றுகிற பெட்டிகள், உளுத்துப்போனவை, நாற்பது இருக்கும். அவற்றுக்குள் சுவடிகளோடு எலிகளும் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. அவர் தயாரித்த பட்டியலின் முதல் தொகுதி 1854-இல் கல்கத்தாவில் அச்சானது. அதில் இருப்பது பாரசீக, இந்துஸ்தானிக் கவிதை நூல்கள்தாம். அடுத்த தொகுதி வரவே இல்லை. மூன்றே ஆண்டில் 1857 கிளர்ச்சி வந்தது. லக்னோ சூறையாடப்பட்டு நூலகங்கள் சிதறின. நவாபுகளிடம் இருந்த கவிதை நூல்களின் விவரத்தை இன்றும் புரட்டிப் பார்க்கலாம். வரலாற்றுக்கும் வைத்தியத்துக்கும் அப்படி ஒரு தொகுதி இல்லை. மருத்துவர் ஒருவர் மருந்து நூல்களை விட்டுவிட்டுக் கவிதையில் தொடங்கினாரே என்று ஆராய்ச்சியாளர்கள் அலுத்துக்கொள்ளலாம்.

திப்பு சுல்தானின் நூல்களுக்கு இதைவிட நல்ல யோகம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஏறத்தாழ 2,000 நூல்கள் கம்பெனியின் கைக்கு வந்தன. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்குப் பெரும்பகுதி போனது. சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற பேராசிரியர் அவற்றைத் துறைவாரியாகப் பிரித்து 1809-இல் பட்டியலாக வெளியிட்டார். வரலாறு 118, மருத்துவம் 62 என்று அதில் கணக்கே இருக்கிறது. கல்லூரி நூலகம் கலைந்து நூல்கள் லண்டனுக்கும் கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டிக்குமாகப் பிரிந்தபிறகும், இன்ன நூல் எங்கே போனது என்று கேட்க ஒரு பிடி இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சுவடிகளும் இதே கல்கத்தாவுக்கு வந்து போனவைதாம். கர்னல் காலின் மெக்கன்சி நில அளவை செய்துகொண்டே தென்னிந்தியா முழுக்க ஊர்க் கதைகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஓலைகளையும் சேர்த்தவர். இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாகி எல்லாவற்றையும் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்; 1821-இல் இறந்தார். அவர் மனைவியிடமிருந்து கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு அவற்றை வாங்கியது. கம்பெனி வைத்தியராக வந்து சமஸ்கிருத அறிஞரான எச். எச். வில்சன் 1828-இல் பட்டியல் போட்டார். தென்னிந்திய மொழிச் சுவடிகள் பிறகு சென்னைக்குத் திரும்பின. இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. மதுரைப் பாளையக்காரர் வரலாற்றைத் தேடுகிறவர் கல்கத்தாவில் அச்சான வில்சன் பட்டியலில் தொடங்குவது இதனால்தான்.

கார்டன் ரீச்சுக்கு நேர் அக்கரையில் சிப்பூர் தாவரவியல் பூங்கா. சென்னை ராஜதானியில் வைத்தியராகப் பணிபுரிந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1793-இல் அதன் பொறுப்பேற்றார். இந்திய ஓவியர்களைக் கொண்டு அவர் வரையவைத்த 2,500-க்கும் மேற்பட்ட செடிப் படங்கள் அங்குள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மூலிகை வரலாறு தேடுகிறவர் நூலகத்தோடு நின்றுவிட்டால் இவை கண்ணில் படாது.

மருந்துப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஒயிட்லா ஐன்ஸ்லி 1813-இல் சென்னையில் அச்சிட்டு, 1826-இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக விரித்து எழுதிய இந்திய மருந்துப்பொருள் நூலில் தமிழ்ப் பெயர்கள் அவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. தமிழ் என்பதே அங்கே ‘தமூல்’. இன்றைய எழுத்துக்கூட்டலில் தட்டினால் இணையத்தில் எதுவும் அகப்படாது. நாலைந்து விதமாக மாற்றித் தட்ட வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்குப் பலன் உண்டு. கீழை நாட்டு நூல்களின் நீண்ட பட்டியல் ஒன்றை ஐன்ஸ்லி அதிலேயே சேர்த்திருக்கிறார். தமிழ் வைத்திய நூல்களும் அதில் இடம்பெறுகின்றன.

அச்சு நூல்களுக்கு வேறொரு சாவி இருக்கிறது, பலரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 1867-ஆம் ஆண்டின் அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு மாகாண அரசும் அச்சான நூல்களைப் பதிந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி என்பது வரை அதில் இருக்கும். நாலணா விலையில் விற்ற ஒரு வாகடம் இன்று ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போயிருந்தாலும், அது அச்சானதை இந்தப் பட்டியல் சொல்லிவிடும். அச்சகத்தின் பெயர் தெரிந்தால் அதே அச்சகத்தின் மற்ற நூல்களோடு சேர்த்துத் தைத்த கட்டுகளில் தேடலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இப்படிக் கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

கார்டன் ரீச்சிலிருந்து அலிப்பூர் தூரமில்லை. அங்கே பெல்வெடர் வளாகத்தில் தேசிய நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போகவேண்டும். ஆனால் தமிழருக்கு அதைவிட முக்கியமான ஒன்று அங்கே இருக்கிறது. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்துவைத்திருந்த அச்சு நூல்களும் சுவடிகளும் அவர் பெயரிலேயே தனித் தொகுப்பாக அங்கேதான் இருக்கின்றன. திருநெல்வேலிக்காரர் சேர்த்த புத்தகத்தைப் பார்க்க ஹௌரா ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.