கரையில் கற்கும் கடற்கலை

மாலுமித் தொழிலைக் கப்பலிலிருந்தே கற்க வேண்டும் என்பது பழைய கொள்கை. 1927இல் பம்பாயில் தொடங்கிய ‘டஃப்ரின்’ பயிற்சி, நங்கூரமிட்ட கப்பலிலேயே நடைபெற்றது. 1972இல் ‘ராஜேந்திரா’ அதன் இடத்தை ஏற்றது. 1993இல் ‘சாணக்கியா’ என்னும் பெயருடன் அப்பயிற்சி நவி மும்பைக் கரையேறிவிட்டது. பெயர் கப்பலுக்குரியது; இருப்பதோ கட்டடத்தில்!

இதனால் இழப்பு உண்டா? கயிற்று வேலையைப் பொறுத்தமட்டில் இல்லை என்றே சொல்வேன். ‘போலைன்’ என்று கப்பலோர் வழங்கும் முடிச்சைப் பாருங்கள். நீரில் தத்தளிப்பவருக்குச் சுருக்குக் கயிற்றை வீசினால், இழுக்க இழுக்க அது மார்பை நெரிக்கும். போலைன் கண்ணியோ பாரம் ஏறினும் சுருங்காது. பாரம் நீங்கியதும் எளிதில் அவிழும். இதனை முதலில் கண்ணால் பார்த்தும், பின்னர்க் கண்ணைக் கட்டிக்கொண்டும், இறுதியில் ஒரே கையால் தன் இடுப்பைச் சுற்றியும் போடப் பழக வேண்டும். மற்றொரு கை எதற்கென்றால், இருளில் ஆடும் தளத்தில் எதையேனும் பற்றிக்கொள்வதற்கு.

அறுந்த கயிற்றை முடிச்சிட்டால் அதன் வலு பெரிதும் குன்றும். இரு முனைகளிலும் புரிகளைப் பிரித்து, ஒன்றினூடே ஒன்றாகச் செருகிப் பின்னினால் பெரும்பகுதி வலு நிலைக்கும். அவசரமில்லாத கரையே இதற்கு உகந்தது. துடுப்பு வலிப்பதற்கு மட்டும் படகை நீரில் இறக்கியே ஆக வேண்டும்.