தல்மா: அம்புக்குத் தடை, வில்லுக்கு?

ஆதிவாசிகளின் கோடை வேட்டையைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அந்த வேட்டைக்குள் ஒரு நீதிமன்றமும் ஒளிந்திருக்கிறது.

எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரின் புகைபோக்கிகளுக்கு வெகு அருகில் எழுந்து நிற்கிறது தல்மா மலை. உயரம் சுமார் 3,000 அடி. 1976-இல் சரணாலயமான இதன் 193 சதுர கி.மீ. காட்டில் யானைகள், கரடிகள், கேளையாடுகள், காட்டுப்பன்றிகள், மலை அணில்கள். நகரவாசிகளுக்கு இது பிக்னிக் இடம். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வனத்துறை அதிகாரிகளுக்கு இது தலைவலி. காரணம், செந்த்ரா.

செந்த்ரா என்றால் வேட்டை. சந்தால், ஹோ, முண்டா, பூமிஜ் ஆதிவாசிகள் வில், அம்பு, ஈட்டி, கோடரி சகிதமாக, நாய்களையும் கூட்டிக்கொண்டு மலையேறும் நாள். ஜார்க்கண்டில் மட்டுமல்ல, மேற்கு வங்கத்தின் அயோத்தியா மலையிலும் ஒடிசாவின் சிமிலிபால் காட்டிலும் இதே பருவத்தில் வேட்டைக் கூட்டங்கள் புறப்படுகின்றன.

பருவத்தைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருக்கிறது. கோடையில் புதர்கள் காய்ந்து காட்டில் மறைவு குறைகிறது. ஓடைகள் வற்றுவதால் மானும் பன்றியும் மிச்சமிருக்கும் நீர்நிலைகளைத் தேடி வருகின்றன. மழை தொடங்கிவிட்டால் வயல் வேலை. அப்புறம் யாருக்கும் நேரமிருக்காது. துப்பாக்கி இல்லாமல் மூங்கில் வில்லை நம்பிப் போகிறவனுக்கு மானை மிக அருகில் நெருங்கியாக வேண்டும். பழைய வேட்டையில் மிருகத்துக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தது.

வேட்டைக்கான அழைப்பு கடிதமாக வருவதில்லை. சாலமரக் கிளை ஒன்று ஊர் ஊராகச் சுற்றி வரும். அதிலுள்ள இலைகளை எண்ணினால் இன்னும் எத்தனை நாள் என்பது தெரியும். அனுப்புகிறவர் திஹ்ரி என்ற வேட்டைப் பூசாரி. காட்டுத் தெய்வங்களுக்குப் பூசை செய்து வேட்டைக்கு அனுமதி கேட்பதும், போனவர்கள் பத்திரமாகத் திரும்பப் பொறுப்பேற்பதும் அவர்தான். கணவன் காட்டிலிருந்து திரும்பும்வரை மனைவி வகிட்டில் சிந்தூரம் இடுவதில்லை என்பது பழைய நியமம். உயிர் போகக்கூடிய காரியம் என்பதை வீட்டில் இருப்பவர்களும் அறிந்திருந்தார்கள்.

வெளியாருக்கு அதிகம் தெரியாத விஷயம், இரவில் நடப்பது. பகல் முழுக்க ஓடிக் களைத்தவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். சந்தால்களிடையே இதற்கு ‘லோ பிர்’ சபை என்று பெயர். ஊருக்கு மாஞ்ஜி என்ற தலைவர் உண்டு. பல ஊர்களுக்கு மேல் பர்கனா உண்டு. இவர்கள் தீர்ப்பில் அநியாயம் நடந்துவிட்டதாக நினைப்பவன் முறையிட வேண்டிய இடம் இந்த வேட்டைச் சபை. அங்கே மாஞ்ஜியும் பர்கனாவும்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். ஒருவரைச் சமூகத்திலிருந்தே விலக்கிவைக்கும் பெரிய தண்டனைக்கும் இதன் ஒப்புதல் தேவைப்பட்டது. சந்தால் மரபில் இதுதான் உச்ச நீதிமன்றம். தலைமை வகிப்பவர், மற்ற நாட்களில் சாதாரண விவசாயியாக இருக்கும் அதே திஹ்ரி. குறையும் இல்லாமலில்லை: இந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை.

இப்போது இந்தியச் சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆதிவாசிகளில் நிகோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் அதன் 65-ஆவது பிரிவு விலக்கு தந்திருக்கிறது. ஆதிவாசிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைத் துடைப்பதாகச் சொல்லி வந்த 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் விறகு, தேன், மேய்ச்சல், மீன் என்று பலவற்றில் உரிமை தந்தது. வழிவழியாக வந்த மற்ற உரிமைகளையும் ஏற்றது. ஆனால் வேட்டை மட்டும் சேராது என்று அதே வாக்கியத்தில் எழுதிவைத்தது.

சட்டத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்றைய வேட்டைக் கூட்டங்களில் எல்லோரும் திஹ்ரியின் கிளையைப் பார்த்து வருகிறவர்கள் அல்ல. தென் மேற்கு வங்கத்தில் ரயிலிலும் லாரியிலும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வலை விரிக்கிறார்கள். காட்டுப் பூனை, உடும்பு என்று கண்ணில் பட்டதெல்லாம் பலியாகிறது. 2018 ஏப்ரலில் லால்கர் காட்டுக்கு வழிதவறி வந்திருந்த வங்கப் புலி ஒன்று, வேட்டைக் கூட்டத்திடம் சிக்கி இறந்தது. 2019-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், வேட்டைத் திருவிழாக்களில் விலங்குகள் கொல்லப்படுவதைத் தடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. காடு சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் இழப்பாகவே தெரியாத பத்துக் கேளையாடுகள் இன்று பெரிய இழப்பு.

ஆதிவாசிகள் திருப்பிக் கேட்கும் கேள்வியும் கூர்மையானது. காட்டைச் சுருக்கியது யார்? சுரங்கமும் அணையும் ரயில் பாதையும் எங்கள் அம்பாலா வந்தன? 1947-இல் இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியாவின் மகாராஜா ஒரே இரவில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். இந்திய மண்ணில் கடைசியாகப் பதிவானவை அவைதான். அது துப்பாக்கி வேலை, வில் வேலையல்ல. சந்தால்களுக்கு வில் வெறும் ஆயுதமும் அல்ல. 1855-இல் சித்து, கானு சகோதரர்கள் கம்பெனி ஆட்சியை எதிர்த்தது இந்த வில்லோடுதான். ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் தேர்தல் சின்னமும் வில் அம்புதான்.

ஆண்டுதோறும் நடப்பது ஒரு கண்ணாமூச்சி ஆட்டம். மலையடிவாரத்தில் வனத்துறை சோதனைச் சாவடிகள் அமைக்கிறது, வலைகளைப் பறிக்கிறது, ‘அடையாள வேட்டை போதும், பூசையோடு நிறுத்துங்கள்’ என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொள்கிறது. மறுநாள் எந்த மிருகமும் சாகவில்லை என்று அதிகாரிகள் அறிவிப்பதும், கிடைத்தது என்று வேட்டைக்காரர்கள் பெருமையடிப்பதும் வழக்கமாகிவிட்டது.

கொல்லாமல் வேட்டை நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஜார்க்கண்டிலேயே பதில் இருக்கிறது. ஓராவோன் பெண்கள் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண் வேடமிட்டு, வில்லும் கோடரியும் ஏந்தி ‘ஜனி ஷிகார்’ போகிறார்கள். ரோஹ்தாஸ் கோட்டையைப் பெண்களே காத்த கதையின் நினைவு அது. அவர்கள் பெரும்பாலும் துரத்துவது ஊர் ஆடுகளையும் கோழிகளையும்தான். காட்டு விலங்கு இல்லாததால் விழாவின் மானம் ஒன்றும் போய்விடவில்லை. வில்வித்தைக்கும் வேறு வழி திறந்திருக்கிறது. தல்மாவுக்குப் பக்கத்திலேயே, ஜாம்ஷெட்பூரில் 1996-இல் தொடங்கிய டாடா வில்வித்தை அகாடமியில் பயின்ற ஜார்க்கண்ட் பெண் தீபிகா குமாரி, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார்.

மானுக்குத் தேவை, அம்பு பாயாத ஒரு கோடை. ஆதிவாசிக்குத் தேவை, தலைவனையும் கேள்வி கேட்கக்கூடிய அந்த ஒரு இரவு. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. வனத்துறை பறிக்க வேண்டியது வலையைத்தான், சபையை அல்ல. சாலமரக் கிளை ஊர் ஊராகப் போவதை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை.