துப்பாக்கியா, நம் வீட்டுப் பெண்ணுக்கா?

உங்கள் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். புத்தகப் பையை வைத்ததும் வைக்காததுமாக, "அம்மா, நான் பிஸ்டல் சுடக் கற்றுக்கொள்ளப் போகிறேன்!" என்கிறாள். உங்களுக்கு எப்படி இருக்கும்? கையிலிருக்கும் காப்பி டம்ளர் நழுவி விடாதா?

அதிலும் நீங்கள் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தவரானால் கேட்கவே வேண்டாம். வெடிமருந்து சோறு போடும் சீமை அது. சில சமயம் அதே மருந்து உயிரையும் வாங்கி விடுகிறது. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனதை அந்த ஊர்களில் யார் மறப்பார்கள்? 'மருந்தோடு பட்ட பாடு போதாதா? துப்பாக்கி வேறா?' என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும்.

சற்றுப் பொறுங்கள், அம்மா! புதிதாகக் கற்பவர்கள் கையில் கொடுக்கும் பிஸ்டலில் ஒரு சிட்டிகை மருந்துகூடக் கிடையாது. அடைத்து வைத்த காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. 10 மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவில் பத்து மார்க் வாங்கித் தரும் வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு, அவ்வளவுதான்!

2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, இந்த அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகி விடுமா? கண்ணில் பட்டால் கண் போயிற்று. குண்டு ஒரு பெட்டியிலும் பிஸ்டல் ஒரு பெட்டியிலுமாகப் பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது. மருந்துத் தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டலோ 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குள் அடங்கியது. லைசென்ஸ் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது.

'பெண்களுக்கு இதெல்லாம் வருமா?' என்கிறீர்களா? உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே சந்த்ரோ தோமர் என்ற பாட்டி, 60 வயதைத் தாண்டிய பிறகு, பேத்திக்குத் துணையாக ரைபிள் கிளப்புக்குப் போனார். பயந்து நின்ற பேத்திக்குத் தைரியம் சொல்வதற்காகத் தாமே பிஸ்டலைக் கையில் எடுத்தார். குறி தப்பவில்லை! ஊர் சிரித்தது. பாட்டியோ இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, தண்ணீர்க் கூஜாவை நீட்டிய கையில் பிடித்து, கை நடுங்காமல் நிற்கப் பழகினார். அவரும் அவர் ஓரகத்தி பிரகாஷி தோமரும் வாங்கிய பதக்கங்கள் எத்தனையோ. பிரகாஷியின் மகள் சீமா 2010-ல் உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளிப் பதக்கமே வாங்கி விட்டார்!

சரி, எங்கே கற்பது? பள்ளியிலோ கல்லூரியிலோ என்.ஸி.ஸி. இருந்தால் அதில் சேருவதே சுலபமான வழி. அங்கே கையில் வருவது ரைபிள்தான். ஆனால் மூச்சை அடக்குவதும் குறி பார்ப்பதும் இரண்டுக்கும் பொது. பிஸ்டலேதான் வேண்டுமென்றால் விருதுநகருக்குப் பக்கத்துப் பெரிய ஊர் மதுரை; அங்கே ரைபிள் கிளப் இருக்கிறது. எந்தக் கிளப்பானாலும், மாநிலச் சங்கத்தோடும் 1951-ல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கத்தோடும் சேர்ந்ததா என்று முதலில் விசாரியுங்கள். பிஸ்டல் வாங்க அவசரப்பட வேண்டாம். சில மாதம் கிளப்பின் பிஸ்டலிலேயே பழகட்டும்.

நல்ல ஆசிரியரை எப்படி அடையாளம் காண்பது? முதல் நாள் நீங்களும் கூடப் போய்ப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். வந்தவுடனே "சுடு, சுடு" என்று குண்டைக் கையில் கொடுப்பவர் வேண்டாம். 'குண்டு இல்லை என்று தெரிந்தாலும், இருப்பதாகவே நினை. குழலை ஆள் பக்கம் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விசையில் விரலை வைக்காதே. அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்' – இந்த நாலையும் பாடமாக்காமல் மேலே போகாதவரே குரு. குண்டில்லாமலே பல நாள் பழக்குவார். கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்வார். தவறு செய்தால் அதட்டாமல் திருத்துவார். அபாயம் செய்தால் அன்றைக்கே வெளியே உட்கார வைப்பார். சிவகாசிப் பெண்களுக்கு இது புதிதா? இரும்புக் கருவி கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று மருந்து அறைக்கும் விதிகள் உண்டே! விதியை மதிக்கிறவர்களுக்கு வேலை. மதிக்காத இடத்தில் விபத்து.

குருவின் அருமை மனு பாக்கரைக் கேட்டால் தெரியும். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் அவரும் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவும் பிரிந்தார்கள். அங்கே பிஸ்டல் பழுதாகி நேரம் போயிற்று; பதக்கம் இல்லை. 2023-ல் இருவரும் மனஸ்தாபத்தை மறந்து ஒன்று சேர்ந்தார்கள். 2024-ல் பாரிஸில், காற்றுப் பிஸ்டலில் இரண்டு வெண்கலப் பதக்கம்!

சிவகாசிக்கு மட்டும் இது தெரியாதா என்ன? 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா வரை போனார்கள். கற்றுக் கொடுப்பவரைத் தேடிப் போனதால்தான் ஊரே பிழைத்தது.

ஆகவே, பெண் மறுபடி கேட்டால் "கூடாது" என்று சொல்லி விடாதீர்கள். "முதலில் வாத்தியாரைப் பார்க்கலாம், வா. நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்!