உங்களுக்குத் தெரியுமா? தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் கணினி

● அப்டேட் என்றாலே யாரோ தயாரித்து வைத்த கோப்புகள் இணையம் வழியே வந்து இறங்குவதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இன்னொரு வழியும் உண்டு. மூல நிரல் முழுவதையும் இறக்கிக்கொண்டு, உங்கள் கணினியே அதை ஓடக்கூடிய நிரலாக மாற்றி (கம்பைல் செய்து), தனக்குத் தானே புதுப் பதிப்பை நிறுவிக்கொள்ளும். அதற்கான கட்டளை 'மேக் பில்ட்வேர்ல்டு'. லைப்ரரிகள், ஷெல், அன்றாடக் கட்டளைகள், கம்பைலர் என்று, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நீங்கலாக எல்லாமே அந்த 'வேர்ல்டு'க்குள் அடங்கும். கெர்னலுக்குத் தனிக் கட்டளை.

● கம்பைலரையும் கம்பைல் செய்தாக வேண்டுமே, அது எப்படி? முதலில், இருக்கிற பழைய கம்பைலரைக் கொண்டு புதிய கம்பைலர் தயாராகும். அந்தப் புதியது மற்ற எல்லாவற்றையும் கட்டிவிட்டு, தன்னையும் இன்னொரு முறை கட்டிக்கொள்ளும். மொத்த நேரத்தில் பெரும்பங்கை விழுங்குவது இந்த வேலைதான். கணினியில் ஏற்கெனவே அதே பதிப்புக் கம்பைலர் இருந்தால் முதல் சுற்றைத் தவிர்த்துவிடலாம்.

● இதில் கம்பைல் செய்வது பெரிய கஷ்டமே இல்லை. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். சிக்கலெல்லாம் நிறுவும் வரிசையில்தான். வேர்ல்டைக் கட்டு, கெர்னலைக் கட்டு, கெர்னலை மட்டும் நிறுவு, ரீபூட் செய், அதன் பிறகே வேர்ல்டை நிறுவு. கெர்னலுக்கு ஏன் முதல் மரியாதை? புதிய கெர்னலுக்குப் பழைய நிரல்கள் கேட்பது புரியும். பழைய கெர்னலுக்குப் புதிய நிரல்கள் கேட்பது புரியாது.

2017 மே மாதம் இது நன்றாகவே வெளிச்சத்துக்கு வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள ஐநோடு எண் அதுவரை 32 பிட். அதாவது சுமார் 429 கோடி எண்கள். அதை 64 பிட்டாக மாற்றினார்கள். கோப்பின் விவரத்தைக் கெர்னலிடம் கேட்க நிரல்கள் பயன்படுத்தும் அழைப்புகளே (சிஸ்டம் கால்) மாறிப்போயின. ரீபூட் செய்யாமல் வேர்ல்டை நிறுவினால், புதிதாக வந்து உட்கார்ந்த நிரல்கள் பழைய கெர்னலிடம் அது கேள்வியே படாத ஒன்றைக் கேட்கும். 'பேட் சிஸ்டம் கால்' என்ற ஒரு வரியோடு நிரல் செத்துவிழும். சாதாரண 'எல்எஸ்' கட்டளைகூட ஓடாது. மூல நிரலோடு வரும் 'அப்டேட்டிங்' என்ற கோப்பில், 20170523 என்று தேதியிட்டு, சொன்ன வரிசையை மீறாதீர்கள் என்று எச்சரித்திருந்தார்கள். கைவைப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பைப் படிக்காதவருக்கு யாரும் அனுதாபப்பட மாட்டார்கள்!

● குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிற கதைதான் இது. கோப்புகளை இடம் மாற்றி வைக்கும் 'இன்ஸ்டால்' என்ற நிரலும், அது நம்பியிருக்கும் சி லைப்ரரியும்கூட மாற்றப்பட வேண்டிய பட்டியலில்தான் இருக்கின்றன. அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே, தேவையான சின்னக் கருவிகளும் அவற்றுக்கான லைப்ரரிகளும் ஒரு தற்காலிக அடைவுக்கு நகலெடுக்கப்படும். மாற்றம் முழுவதும் அந்த நகல்களைக் கொண்டுதான் நடக்கும். பாதுகாப்புக்காக 'டெம்ப்' அடைவில் எந்த நிரலும் ஓடக்கூடாது என்று பூட்டி வைத்தவர்களுக்கு இந்தக் கட்டம் அங்கேயே நின்றுவிடும்.

● ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை யூனிக்ஸில் மாற்றிவைக்க முடியும். புதிய கோப்பு அதே பெயரில் வந்து உட்கார்ந்தாலும், ஓடும் நிரல் பழைய கோப்பைப் பிடித்தபடியே இருக்கும். அது முடியும்வரை பழைய கோப்பு வட்டிலிருந்து போகாது. புதுப்பித்த பிறகும் சேவைகளை மறுபடி தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

● எல்லாம் கெட்டுப்போனாலும் கைகொடுக்க 'ரெஸ்க்யூ' என்று ஓர் அடைவு. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் தெரியும். ஆனால் வட்டில் இருப்பது ஒரே ஒரு கோப்புதான்! எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்தக் கட்டளையாக அது நடந்துகொள்ளும். வெளி லைப்ரரி எதையும் அது நம்பியிருப்பதில்லை. கெர்னல் காலைவாரினால்? பழையது 'கெர்னல்.ஓல்டு' என்ற பெயரில் பத்திரமாக இருக்கும். பூட் ஆகும் நேரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

● கம்பைல் பாதியில் 'சிக்னல் 11' என்று நிற்கிறது. மறுபடி ஓட்டினால் வேறோர் இடத்தில் நிற்கிறது. நிரலில் பிழை என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம், மின்விசிறி, பவர் சப்ளை இவற்றைச் சந்தேகிக்கலாம். இயங்குதளத்தைக் கம்பைல் செய்வதைப்போல் மெமரியைக் கசக்கிப் பிழியும் வேலை வீட்டுக் கணினியில் அபூர்வம். அதனால் பழுதான ரேமைக் கண்டுபிடிக்கவே பலர் இதை ஓட்டிப் பார்ப்பதுண்டு.

● எதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதை 'மேக்' நிரல் கோப்புகளின் நேரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. மதர்போர்டு பேட்டரி செத்துக் கடிகாரம் பின்னால் ஓடினால் கணக்கெல்லாம் தப்பு. இந்த 'மேக்'கை 1976இல் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன். அதற்காக எழுதும் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி விட்டால் ஏற்காது. அதற்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது: அது சரியில்லை என்று தெரிந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம், அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லையாம். அந்தப் பத்துப் பேருக்காக உலகமே இன்றுவரை டேப் அடித்துக்கொண்டிருக்கிறது.

● 2014 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10.0 பதிப்பு, ஜிசிசியை விட்டு கிளாங் கம்பைலருக்கு மாறியது. காரணம் உரிமம். ஜிசிசி ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியதை ஏற்காததால், 2007இல் வந்த 4.2.1 பதிப்பிலேயே வருடக்கணக்கில் நின்றுபோயிருந்தார்கள்.

● பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளங்கள் அண்ணன் தம்பி என்றாலும் குணம் வேறு. மூல நிரலைக் கம்பைல் செய்து அடுத்த பதிப்புக்குத் தாவுவதை ஓபன்பிஎஸ்டி ஆதரிப்பதே இல்லை. தயாராக உள்ள கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லும். ஆனால் 2017இல் வந்த அதன் 6.2 பதிப்பிலிருந்து இன்னொரு வித்தை நடக்கிறது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், கெர்னலின் உள்துண்டுகளைக் குலுக்கிப்போட்டு அடுத்த முறைக்கான கெர்னலைப் புதிதாக இணைத்து வைத்துவிடும். அதனால் எந்த இரண்டு ஓபன்பிஎஸ்டி கணினியிலும் கெர்னலின் உள் அமைப்பு ஒரே மாதிரி இருக்காது. உள்ளே நுழையப் பார்ப்பவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாது, அவ்வளவுதான். நெட்பிஎஸ்டியோ எந்தக் கணினியிலிருந்தும் எந்தக் கணினிக்கும் கட்டலாம் என்கிறது. அதை லினக்ஸில் சாதாரணப் பயனராக உட்கார்ந்தபடியே கட்டிவிடலாம்.

● 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' என்ற வழிகாட்டி நூலில், ஒரு தொகுப்பைக் கட்ட எவ்வளவு நேரம் என்பது நிமிடத்தில் இருக்காது. ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு வேகம். அதனால் பினுட்டில்ஸ் என்ற தொகுப்பை முதல் சுற்றில் கட்ட உங்கள் கணினிக்கு ஆகும் நேரம் 1 எஸ்பியு. மற்றதெல்லாம் அதன் மடங்கு. இதைவிட நேர்மையான அளவுகோல் இந்தத் துறையில் இல்லை.

● கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்தால் கணினி பறக்கும் என்பார்கள். பெரும்பாலும் அது மனத்திருப்திதான். வேண்டாததை விட்டுவிடலாம், வேண்டியதைச் சேர்க்கலாம், திருத்திப் பார்க்கலாம் என்பதுதான் நிஜ லாபம். வேகமாக நீந்தும் பெங்குவினின் பெயரை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பயனரே கம்பைல் செய்யும் வழக்கத்தை வளர்த்த ஜென்டூ லினக்ஸ்கூட 2023 டிசம்பரில் தயார் நிலைக் கோப்புகளையும் பெரிய அளவில் தரத் தொடங்கியது.

● மூல நிரலை வரிவரியாகப் படித்து, நீங்களே கம்பைல் செய்தாலும் நம்ப முடியாது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் காட்டினார். கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியை ஒளித்துவைக்கலாம். அந்தக் கம்பைலர் தன் அடுத்த பதிப்பைக் கட்டும்போது அதே திருட்டு வழியை அதற்குள்ளும் செருகிவிடும். மூல நிரலில் தடயமே இருக்காது.

இதற்கு மருந்து தேடியவர்களில் ஜிஎன்யு கீக்ஸ் என்ற இயங்குதளத்தின் குழுவினரும் உண்டு. அவர்கள் 2023இல் எட்டிய தொடக்கப்புள்ளி வெறும் 357 பைட் நிரல். பதினாறடிமான எண்களைப் படித்துப் பைட்டுகளாக எழுதுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அதைக் கொண்டு கொஞ்சம் பெரிய கருவி, அதைக் கொண்டு அசெம்பிளர், பிறகு சின்ன சி கம்பைலர், பிறகு பழைய ஜிசிசி, கடைசியில் இன்றைய ஜிசிசி என்று படிப்படியாக ஏறிவிடுகிறார்கள். 357 பைட்டையும் ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். என்ன, அதை ஓட்டுவதற்கு ஒரு லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அதைக் கட்டியது எந்தக் கம்பைலரோ!