குளிரில் மடிந்த கண்ணாடிச் சோலை

வெளியே பனி கொட்டுகிறது. உள்ளேயோ வாழை இலை விரித்து நிற்கிறது!

இந்த அதிசயத்தை இங்கிலாந்து நாட்டில் செய்து காட்டினார், ஒரு தோட்டக்காரர். அவர் பெயர் ஜோசப் பாக்ஸ்டன். விவசாயியின் மகன்.

சாட்ஸ்வொர்த் மாளிகையில், டெவன்ஷயர் கோமகனிடம் அவர் வேலை பார்த்தார். வெப்ப நாட்டு அழகுச் செடிகள் என்றால் கோமகனுக்கு உயிர்.

ஆனால், அந்தச் செடிகள் குளிர் தாங்காது. வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினாலே பல செடிகள் வாடிவிடும். உறைபனி பிடித்தாலோ, இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி இலையைச் சிதைத்துவிடும். பிறகு வெயில் அடித்தும் பயன் இல்லை.

என்ன செய்வது?

கண்ணாடி வீடு

பாக்ஸ்டன் பெரிய கண்ணாடி வீடு ஒன்றைக் கட்டினார். வேலை 1836-ஆம் ஆண்டு தொடங்கி, நாலைந்து ஆண்டுகள் நடந்தது. அதன் நீளம் 277 அடி. அகலம் 123 அடி. உயரம் 67 அடி.

கண்ணாடி, பகலில் வெயிலை உள்ளே விடும். இரவில் அந்தச் சூடு மெல்ல மெல்ல வெளியேறிவிடும். ஆகவே, பூமிக்கு அடியில் 8 கொதிகலன்களை வைத்தார்கள். 7 மைல் நீளக் குழாய்களில் சுடுநீர் ஓடியது. நிலக்கரி, சுரங்கப் பாதை வழியாக வந்தது.

1843-ஆம் ஆண்டு, விக்டோரியா மகாராணி இதைப் பார்க்க வந்தார். அன்று இரவு 12 ஆயிரம் விளக்குகள் எரிந்தன!

அணைந்தது அடுப்பு

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. செடிகளுக்காக நிலக்கரியை எரிக்க முடியுமா? அடுப்பு அணைந்தது.

கண்ணாடி இருந்தது. குழாய் இருந்தது. சூடு மட்டும் இல்லை. பல ஆண்டுகள் பிள்ளைபோல் வளர்த்த செடிகளில் பெரும்பாலானவை குளிரில் மாண்டன.

வெறும் கூடாக நின்ற அந்த வீட்டை, 1920-ஆம் ஆண்டு வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்த இடத்தில் இப்போது, யூ என்னும் மரத்தை வேலிபோல் வளர்த்து, சுற்றிச் சுற்றி வரும் புதிர்ப் பாதை அமைத்திருக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு நட்ட மரங்கள் அவை.

அவற்றுக்கு அடுப்பும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். யூ, அந்தக் குளிரிலேயே வளரும் மரம்!